சார் சொன்னா சரி

"நீ பேசவே வேணாம் ஈவி. என் பக்கத்துல உக்காந்து சிரி. அது போதும்" என்றான் லாய்ட், காரை சாந்தோம் நெடுஞ்சாலையில் திருப்பியபடி.

ஈவ்லினுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் அண்ணனோடு சண்டை போட வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோபாலபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவள் காமர்ஸ் டீச்சர். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. 'இந்த முறை நிச்சயம் நிரந்தரம்' என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பல வருடங்கள் ஓட்டியிருந்தார்கள். போன வாரம் மறுபடியும் கையை விரித்தார்கள். அன்று சாயங்காலமே லாய்ட் வந்து நின்றான். தி.நகரில் அவன் வேலை செய்யும் நிறுவனத்தில் நிதி ஆலோசகர் வேலை காலியாக இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்றான்.

ஒரு வாரமாக அவள் மனசுக்குள் தராசு ஆடிக்கொண்டிருந்தது.

நல்லது நிறையவே இருந்தது. அவளுக்குக் கணக்கு பிடிக்கும். வருமான வரி, பி.எஃப்., பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிப்பு என்று ஸ்டாஃப் ரூமில் எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். சொல்லிக் கொடுத்துவிட்டு வரும்போது ஒரு வகுப்பு எடுத்த திருப்தி இருக்கும். அதையே வேலையாகச் செய்தால் என்ன? உழைப்புக்கு ஏற்ற வருமானம். யார் முன்னாலும் கை கட்டி நின்று 'நிரந்தரம் பண்ணுங்க சார்' என்று கேட்க வேண்டாம்.

கெட்டதும் இருந்தது. முதல் இரண்டு வருடம் கையில் ஒன்றும் நிற்காது. மாதக் கடைசி வந்தால் டார்கெட். அதைவிட, தெரிந்தவர்கள் முகம் மாறும். பங்குக் கோயில் கல்யாண விருந்துகளில் லாய்ட் தட்டோடு வருவதைப் பார்த்து வேறு மேசைக்கு நகர்ந்தவர்களை அவளே பார்த்திருக்கிறாள்.

"ஒரு நாள் என்கூட வந்து பாரு. அப்புறம் முடிவு பண்ணு" என்றான் லாய்ட். வந்துவிட்டாள்.

பட்டினப்பாக்கத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் மர்சலின் மிஸ் வீடு. ஈவ்லினுக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈவ்லினின் அப்பா பவுல்சாமி தலைமையாசிரியராக இருந்த பள்ளியில்தான் கடைசிவரை வேலை பார்த்து ஓய்வு பெற்றார். இப்போது முட்டி தேய்ந்துபோய், சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார்.

"ஈவ்லின்! நீயும் வந்தியா? உக்காரு, உக்காரு" என்று முகமெல்லாம் சிரிப்பாக இருவருக்கும் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தார்.

லாய்ட் நேரத்தை வீணாக்கவில்லை.

"பேங்க்ல போட்டா என்ன ஆன்ட்டி கிடைக்கும்? இதுவும் டெபாசிட் மாதிரிதான். கூட கொஞ்சம் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஒரு தடவை போட்டாப் போதுமா தம்பி?"

"போதும்."

"நடுவுல எடுக்கலாம்ல? டிசம்பர்ல இந்த முட்டிக்கு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. என்கிட்ட இருக்கிறதே இதுதான்."

"எப்ப வேணா எடுக்கலாம் ஆன்ட்டி. உங்க பணம், உங்களுக்கு இல்லாததா? ஈவ்லினே போட்டிருக்கா. கேளுங்க."

மர்சலின் மிஸ் ஈவ்லினைப் பார்த்துத் தலையாட்டினார். லாய்ட் நீட்டிய விண்ணப்பத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார்.

ஈவ்லின் அந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. வேலையில் சேரும் முன் எழுத வேண்டிய பரீட்சைக்காக அந்தத் திட்டத்தைத்தான் ஒரு வாரமாக வரிக்கு வரி படித்திருந்தாள். அது டெபாசிட்டே இல்லை. ஆயுள் காப்பீடு.

"மிஸ், கையெழுத்து போடாதீங்க."

"ஈவி" என்றான் லாய்ட், சிரிப்பு மாறாமல்.

"இது வருஷா வருஷம் கட்டணும் மிஸ். இதே தொகை. அடுத்த வருஷமும், அதுக்கு அடுத்த வருஷமும். அஞ்சு வருஷத்துக்கு எடுக்கவே முடியாது. டிசம்பர் ஆபரேஷனுக்கு ஒரு பைசா வராது."

பேனா மூடப்பட்டது.

"என்ன லாய்ட், நீ ஒண்ணு சொல்ற, அவ ஒண்ணு சொல்றா?"

"அவ வேற திட்டத்தைச் சொல்றா ஆன்ட்டி. இன்னும் பரீட்சையே எழுதலை. குழப்பிக்கிறா."

"அதே திட்டம்தான். அதே பேருதான்" என்றாள் ஈவ்லின். "நான் அதுல போடவும் இல்ல."

மர்சலின் மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகள் பொய் சொல்வதைப் பார்த்த கண்கள். ஆனாலும் அவர் யாரையும் திட்டவில்லை. "நான் யோசிச்சு சொல்றேன்பா" என்று மட்டும் சொன்னார்.

---

கீழே கார் கதவைத் திறந்த வேகத்திலேயே லாய்ட் அதை அறைந்து மூடினான். காருக்குள் ஏறக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு மாசமா பேசிப் பேசி வளைச்சு வெச்சிருந்தேன். ரெண்டு நிமிஷத்துல ஒடச்சிட்ட!"

"அவங்க நொண்டி நொண்டி நடக்கறதைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். எல்லாரையும்தான் பார்க்கிறேன். பத்து பேர்கிட்ட முழு உண்மையைச் சொன்னா ஒருத்தன் கையெழுத்து போடுவான். எனக்கு மாசம் பத்து கையெழுத்து வேணும் ஈவி! திங்கக்கிழமை மீட்டிங்ல மேனேஜர் எங்களை வரிசையா நிக்க வெச்சு நம்பர் படிப்பான். என் பேரு வரும்போது பக்கத்துல நிக்கிறவன் தரையைப் பார்ப்பான். அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"அதுக்காகப் பொய் சொல்லுவியா?"

"எந்தத் தொழில்ல முழுசா சொல்றான்? உன் ஸ்கூல் சொல்லிச்சா? வருஷா வருஷம் நிரந்தரம் நிரந்தரம்னு உன்னை ஏமாத்தலை? நீ அங்க வாயைத் திறந்தியா? என்கிட்ட மட்டும் வாய் கிழியுது!"

அது அவளுக்கு உறைத்தது. உண்மை என்பதால்தான் உறைத்தது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"என்னை ஏமாத்தினது என் தலையோட போச்சு. நீ என்னைக் காட்டி அடுத்தவங்களை ஏமாத்தற. அதுக்குத்தானே என்னைக் கூட்டிட்டு வந்த? டீச்சரா இருக்கிற தங்கச்சி முகத்தைப் பார்த்தா டீச்சருங்க கையெழுத்து போடுவாங்கன்னு!"

"ஆமா, அதுக்குத்தான். அந்த ஸ்டாஃப் ரூம் மொத்தமும் உன்னை நம்புது. அதுதான் உன்னோட முதலீடு. வேற என்ன இருக்கு உன்கிட்ட?"

இரண்டு கடை தள்ளி, சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கையில் செதில் ஒட்டியிருந்தது.

"இன்னா நைனா, நடுரோட்ல பொம்பளப் புள்ளைய நிக்க வெச்சு கத்திக்கினு கீற?" என்றவள், கிட்டே வந்ததும் கண்ணைச் சுருக்கினாள். "ஐய, நீயா! சார் புள்ள லாய்டு தான? என்னைத் தெரியலை? தேவானை. போன பௌர்ணமிக்கு மறுநாளு வந்து கையெழுத்து வாங்கிக்கினு போனியே."

லாய்டின் முகத்தில் உடனே அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. "தெரியாம இருக்குமா அக்கா."

"நல்லவேளை உன்னைப் பார்த்தேன். ஆவணில பொண்ணுக்குக் கண்ணாலம் முடிவாயிடுச்சு. அந்தத் துட்டு அப்போ கைக்கு வந்துடும்ல?"

"வந்துடும் அக்கா. கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஈவ்லினைப் பார்க்காமலே காரில் ஏறிக் கிளம்பிவிட்டான்.

ஈவ்லின் கார் போன திசையையே பார்த்தாள்.

"அக்கா, நீங்க எப்படி அவன்கிட்ட போட்டீங்க?"

"பவுல்சாமி சார் சொன்னாரும்மா. என் புள்ள பத்தாவது பாஸ் பண்ணதே அவராலதான். ஃபீஸ் கட்ட முடியாம நின்னப்ப அவருதான் கட்டினாரு. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மொத்தத்தையும் எடுத்துக் குடுத்துட்டேன். சீட்டுக்குக்கூட போடலை. ஏன், இன்னாச்சு?"

அப்பாவின் பெயரையும் விற்கிறானா? அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாரே என்றுதான் ஈவ்லினுக்கு முதலில் தோன்றியது.

"ஒண்ணுமில்ல அக்கா. நான் விசாரிச்சுட்டு இன்னைக்கே வந்து சொல்றேன்."

---

விசாரிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஜஹீதா. கல்லூரியில் ஒரே பெஞ்சு. லாய்டின் நிறுவனத்திலேயே மூன்று வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவள். இப்போது முறைப்படி பதிவு செய்துகொண்டு தனியாக ஆலோசனை சொல்கிறாள். எந்த நிறுவனத்திடமும் கமிஷன் வாங்குவதில்லை. வருகிறவர்களிடம் கட்டணம் மட்டும்.

திருவல்லிக்கேணியில் அவளுடைய சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில் அவள் அலுவலகம். ஈவ்லின் படியேறும்போதே ஜஹீதாவின் குரல் கேட்டது.

"சார், நாலு தடவை வந்தீங்க. நாலு தடவையும் ஒரு மணி நேரம் பேசினேன். இப்ப ஃபீஸ் எதுக்குன்னு கேக்கறீங்க. டாக்டர்கிட்ட இப்படிக் கேப்பீங்களா?" போனை மேசைமேல் போட்டாள். "வாடி. பார்த்தியா என் பொழப்பை?"

ஈவ்லின் நடந்ததைச் சொன்னாள். ஜஹீதா ஆச்சரியப்படவே இல்லை.

"பெரியவங்களா பார்த்து, தனியா இருக்கிறவங்களா பார்த்துத்தான் முதல்ல போகச் சொல்லுவாங்க. அதுக்கு ட்ரெய்னிங்கே உண்டு."

"தேவானை அக்கா பணம் போனது போனதுதானா?"

"இல்ல. பாலிசி கைக்கு வந்து முப்பது நாளைக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்தா, கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு மீதியைத் திருப்பித் தந்தாகணும். சட்டம் அது. ஆனா இதை எவனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். பௌர்ணமிக்கு மறுநாள்னா இன்னும் நேரம் இருக்கு. ஆனா ஒண்ணு ஈவி. அந்தப் பணம் திரும்பினா உங்கண்ணன் கமிஷனும் திரும்பும். இப்படி ரெண்டு மூணு திரும்பிச்சுன்னா, அவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

கீழே கடைக்காரர் யாருக்கோ எழுத்தைப் படித்துக்காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் இந்த வேலைக்கு வரலாமா ஜஹீ? நிஜத்தைச் சொல்லு."

"எதைச் சொல்லட்டும்? கெட்டதைச் சொல்லவா? போன வருஷம் முழுக்க சித்தப்பா வாடகையே வாங்கலை. நம்ம ஆளுங்க பிரியாணிக்கு நானூறு குடுப்பாங்க. ஆலோசனைக்குக் காசு கேட்டா, அவன் ஓசியில வீட்டுக்கே வந்து சொல்றானே, நீ ஏன் கேக்கறேன்னு நம்மளைத்தான் திருடி மாதிரி பார்ப்பாங்க. ஓசியில வர்றவன் எவ்வளவு எடுத்துட்டுப் போறான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"நல்லது?"

"ஒரு அம்மா வந்துச்சு. வீட்டுக்காரர் தவறிட்டாரு. எந்தப் பணம் எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மாசம் கூட உக்காந்து எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிக் குடுத்தேன். போன வாரம் கிளம்பும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இனிமே நானே பார்த்துக்குவேன்மான்னு சொல்லிச்சு. அதுதான்டி நல்லது. அப்புறம் தூக்கம் வருது. அங்க இருந்தப்ப வராது."

"அதுக்காகவா இவ்வளவு கஷ்டப்படற?"

ஜஹீதா சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை. "கோவம்டி. நான் வெளிய வந்த அன்னைக்கு அந்த மேனேஜர் என்ன சொன்னான் தெரியுமா? திருவல்லிக்கேணி சந்துல உக்காந்துகினு யாருக்கு ஆலோசனை சொல்லப் போறேன்னு கேட்டுட்டு, எல்லார் முன்னாலயும் சிரிச்சான். இந்த நாற்காலியில உக்காரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காதுல கேக்குது. ஒரு ஆளு இருந்தா இன்னும் பத்து குடும்பத்தைப் பார்க்கலாம். சம்பளம் உன் ஸ்கூல்ல வர்றதைவிடக் கம்மிதான் குடுக்க முடியும். யோசிச்சுக்கோ."

---

ஈவ்லின் நேராகப் பட்டினப்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தாள். தேவானை கடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஈவ்லின் எதையும் மறைக்கவில்லை. ஆவணியில் பணம் வராது, அடுத்த வருடமும் இதே தொகையைக் கட்டச் சொல்வார்கள், இப்போதே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் திரும்ப வாங்கிவிடலாம் என்று நிதானமாகச் சொன்னாள்.

தேவானை குவளையைக் கீழே வைத்தாள். நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. குழப்பம்தான்.

"உங்கண்ணன் வரும்னு சொல்லிச்சு. நீ வராதுன்ற. ஒரே வூட்டு புள்ளைங்க ரெண்டும் ரெண்டு விதமா சொன்னா நான் இன்னா பண்ணுவேன்? சார் வாயால சொல்லட்டும்மா. சார் வேணாம்னு சொன்னா இப்பவே எழுதிக் குடுத்துடறேன்."

அப்பாவைக் கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று ஈவ்லின் வீட்டுக்கு நடந்தாள். நடை என்று சொல்ல முடியாது. ஓட்டம்.

பவுல்சாமி கூடத்தில் உட்கார்ந்து நாளைய பூசைக்கான வாசகத்தைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் சரியில்லை.

"உங்கண்ணன் எல்லாம் சொன்னான். இன்னொருத்தர் வீட்டுல வெச்சு அவனை அசிங்கப்படுத்தினியா?"

"அப்பா, அவன் உங்க பேரைச் சொல்லி..."

"மர்சலின் விஷயம் முடிஞ்சுது. மத்தியானம் அவன் திரும்பப் போய்க் கையெழுத்து வாங்கிட்டான்."

ஈவ்லினுக்கு ஒரு கணம் புரியவில்லை. "அவங்க யோசிக்கிறேன்னாங்களே. எப்படிப் போட்டாங்க?"

"நான் போன் பண்ணேன்."

"நீங்களா?"

"டெபாசிட்தான் மர்சலின், பயப்படாதீங்க, ஈவ்லின் தெரியாம பேசிட்டான்னு சொன்னேன்."

"அய்யோ அப்பா! அவன் உங்களையும் ஏமாத்திட்டான். அது டெபாசிட் இல்ல. அஞ்சு வருஷம்..."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னா?"

"மார்ச் மாசம் வந்து இதே கூடத்துல உக்காந்து அழுதான். என்னோட பணத்தையும் அதுலதான் போட்டிருக்கேன். அது என்னன்னு எனக்கு எல்லாம் சொல்லித்தான் வாங்கினான். என்கிட்ட அவன் பொய் சொல்லலை."

"அப்ப தேவானை அக்கா?"

பவுல்சாமி வாசகத் தாளை மடிக்கத் தொடங்கினார்.

"அது என்னன்னு தெரிஞ்சே தேவானை அக்காவை அனுப்பினீங்களா? இன்னும் எத்தனை பேரை அனுப்பினீங்க? சொல்லுங்கப்பா!"

"கத்தாதே. அக்கம்பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும்! கேட்டாத்தான் அடுத்த ஆளாவது தப்பிக்கும்!"

அவர் எழுந்தார். உயரமான மனிதர். அந்தக் குரலுக்குப் பள்ளி மைதானமே அடங்கும். இப்போது அந்தக் குரல் உடைந்து வந்தது.

"முந்தின வேலை போனப்ப அவன் ஒரு வருஷம் இந்த வீட்டுல எப்படி இருந்தான்னு உனக்குத் தெரியாது. நீ ஹாஸ்டல்ல இருந்த. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான். சாப்பாட்டைத் தட்டுல வெச்சா அப்படியே காஞ்சு கிடக்கும். உங்கம்மா அதைப் பார்த்துப் பார்த்தே படுத்துட்டா. மறுபடி அவனை அப்படிப் பார்க்க என்னால முடியாது. ஒரு அப்பனா நான் செஞ்சேன். போ, என்ன வேணா நெனச்சுக்கோ."

ஈவ்லினுக்குக் கண்ணில் நீர் வந்தது. அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது. அந்த இரக்கத்தையே அவள் வெறுத்தாள்.

"உங்க பையன் சுவத்தைப் பார்த்து உக்காரக் கூடாது. அதுக்குப் பதிலா தேவானை அக்கா உக்காரலாம். மர்சலின் மிஸ் நடக்க முடியாம உக்காரலாம். அப்படித்தானே?"

"ஈவ்லின்!"

"உங்க பணத்தைக் குடுத்தீங்க. அது உங்க இஷ்டம். ஆனா அவங்க உங்களுக்குக் குடுத்த மரியாதையை எடுத்து அவனுக்குக் கமிஷனாக் குடுத்தீங்களே, அது உங்களோடதா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் நேரம் இருக்குப்பா. என்கூட வாங்க. ரெண்டு வீட்டுக்கும் போய் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாம் திரும்பிடும்."

"அவன் வேலை போயிடும்."

"போகட்டும்."

"உனக்கு வேலை வாங்கிக் குடுக்க வந்தவன் அவன்."

"அந்த வேலை வேணாம்னு இப்பவே சொல்லிட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கும் வரப்போவதில்லை என்று அந்த உட்கார்தலே சொன்னது.

"நீ இப்ப அங்க போனா, லாய்ட் இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டான்" என்றார் மெல்ல.

ஈவ்லின் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

---

மர்சலின் மிஸ் கதவைத் திறக்க நேரமானது. சுவரைப் பிடித்து வந்திருக்கிறார்.

"என்னம்மா, மறுபடியும்? நான்தான் கையெழுத்து போட்டுட்டேனே. சாரே போன் பண்ணிச் சொல்லிட்டாரு."

"அதுக்குத்தான் வந்தேன் மிஸ்." தெருவெல்லாம் ஓடி வந்தபோது தயாராக இருந்த வார்த்தைகள் இப்போது வர மறுத்தன. எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். சொல்லிவிட்டாள். "அப்பா உங்ககிட்ட சொன்னது பொய்."

மர்சலின் மிஸ்ஸின் முகம் இறுகியது.

"பார்த்துப் பேசு ஈவ்லின். அவரு கூட இருபத்திரெண்டு வருஷம் வேலை பார்த்தவ நான். அவர் பொய் சொன்னதை நான் பார்த்ததே இல்ல."

"நானும் பார்த்ததில்ல மிஸ். இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"அண்ணன் தங்கச்சிக்குள்ள ஏதோ சண்டை. அதுல என்னை ஏம்மா இழுக்கறீங்க? உங்கண்ணனுக்கு இதுல ஏதோ வருது, சரி. உனக்கு என்ன வருது? நீ எதுக்கு இப்படி மூச்சிரைக்க ஓடி வர்ற?"

"ஒண்ணும் வராது. அண்ணன் போயிடுவான். அப்பா இனி என்கிட்ட பேசுவாரான்னு தெரியலை." அவள் குரல் உயர்ந்தது. யார்மேல் கோபம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "ஆனா நீங்க டிசம்பர்ல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போது பணம் இல்லன்னு சொல்லுவாங்க மிஸ். அப்ப நான் அப்பவே சொன்னேனேன்னு சொல்லிக்கிட்டு நிக்க எனக்கு வேணாம். திங்கக்கிழமை ஸ்கூலை விடறேன். இதைத்தான் வேலையாச் செய்யப் போறேன், யார்கிட்டயும் கமிஷன் வாங்காம. வருமானம் வருமா, வராதான்னு தெரியாது. நீங்க நம்பினாலும் நம்பாட்டியும் நான் சொன்னது உண்மை."

மர்சலின் மிஸ் அவளை வெகுநேரம் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் தப்பு வாய்ப்பாடு சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போல இல்லை. எதிரே நிற்கும் ஒரு பெரிய மனுஷியைப் பார்ப்பது போல.

பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தார். வாசலிலேயே நின்றபடி எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி வைத்தார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க மர்சலின்" என்றது பவுல்சாமியின் குரல்.

"சார், உங்க பொண்ணு என் வாசல்ல நிக்கிறா. நீங்க மத்தியானம் சொன்னது பொய்யின்னு சொல்றா. நான் அவளை நம்பலை. உங்களைத்தான் நம்பறேன். இன்னொரு தடவை சொல்லுங்க சார், அது போதும். உண்மையா, பொய்யா?"

மறுமுனையில் பேச்சில்லை. ஒரு வயதானவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அப்புறம், அந்த மூச்சுக்கு மிக அருகில், இன்னொரு குரல்.

"போனைக் கட் பண்ணுங்கப்பா" என்றான் லாய்ட்.